துரைக்கு ஒரே தட்டு

"போடா, அங்கயே போ. அங்கதான் தெனமும் விருந்து நடக்குது. இந்த ஏழ வீட்டுல ஒனக்கென்ன வேல?"

நான் இதைச் சொன்னது பூனையிடம். ஆனால் பூனைக்காகச் சொல்லவில்லை. சுவருக்கு அந்தப் பக்கம் ரசம் தாளித்துக்கொண்டிருந்த நவமணியின் காதில் விழட்டும் என்றுதான் குரலை ஏற்றிச் சொன்னேன். அங்கே பாத்திரச் சத்தம் சட்டென்று நின்றது. கரண்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு கேட்கிறாள் என்று தெரிந்தது. பிறகு பதில் வந்தது. அதுவும் பூனைக்குத்தான்.

"வாடா தங்கம், வா. கல்யாண வீட்டுக்கே வந்துட்டு கை நனைக்காம போனவங்கல்லாம் இருக்காங்க. நீயாவது ரோசம் பாக்காம வந்து சாப்புடுறியே, அதுவே பெரிய விஷயம்லா."

துரை சுவரின் தலையில் உட்கார்ந்து முன்னங்காலை நக்கிக்கொண்டிருந்தான். இரண்டு பேச்சும் அவன் காது வழியாகத்தான் போய் வந்தன. அவன் காதைக்கூட அசைக்கவில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டத்து லயத்து வீடுகள் எல்லாம் ஒரே தகரக் கூரைக்குக் கீழே வரிசையாக இருப்பவை. வீட்டுக்கு வீடு தடுப்புச் சுவர் உண்டு. ஆனால் அது கூரை வரை போகாது. ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே ஏறி நின்றுவிடும். கட்டிய வெள்ளைக்காரன் செங்கல்லை மிச்சம் பிடித்தானோ, அடுப்புப் புகை போக வழி விட்டானோ, அவனைத்தான் கேட்க வேண்டும். இங்கே தும்மினால் அங்கே ஆயுசு நூறு என்று குரல் வரும். சண்டை போட இதைவிட வசதியான வீடு கிடையாது. முகத்தைப் பார்க்க வேண்டாம், பெயரைச் சொல்ல வேண்டாம். நடுவில் ஒரு பூனை இருந்தால் போதும்.

நவமணி எனக்கு ஓரகத்தி. என் வீட்டுக்காரர் புவனேஸ்வரனின் தம்பி ராஜுவைக் கட்டியவள். நான் இந்த லயத்துக்கு மருமகளாக வந்து கொஞ்ச காலத்தில் அவளும் வந்தாள். மிளகாய்த்தூள், காய்ச்சல் மாத்திரை, அழுகிற பிள்ளை, எல்லாவற்றையும் நாங்கள் அந்தச் சுவருக்கு மேலேதான் கொடுத்து வாங்கினோம். அவள் மகள் பூவிழிக்குக் கல்யாணம் வந்தபோது, புருசனும் பெண்டாட்டியுமாகத் தட்டும் குங்குமமும் ஏந்தி வாசல் வாசலாகப் போய்ப் பத்திரிகை வைத்தார்கள். எனக்கு மட்டும் சுவருக்கு மேலே ஒரு கை நீண்டது. "இந்தாங்கக்கா பத்திரிக. நமக்குள்ள என்ன."

நமக்குள்ள என்னவா? பெண்ணுக்குப் பெரியம்மா நான். மிளகாய்த்தூள் வருகிற வழியில் கல்யாணப் பத்திரிகை வருமா? எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. ஆனாலும் பிள்ளை என்ன பாவம் செய்தது என்று கல்யாணத்துக்குப் போனேன். அட்சதை போட்டேன், மொய் எழுதினேன், பந்தியில் மட்டும் உட்காராமல் வந்துவிட்டேன். அது நவமணிக்குத் தைத்துவிட்டது. தைக்கட்டும் என்றுதான் செய்தேன். அதோடு நேர்ப்பேச்சு நின்றது. எங்கள் வீட்டு ஆண்கள் இரண்டு பேரும் வழக்கம்போல ஒன்றாகப் போய் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அவர்களுக்கு என்ன தெரியும்?

துரை வந்தது திரிங்காப் காய்கறித் தோட்டத்திலிருந்து. என் வீட்டுக்காரர் காய்கறி லோரி ஓட்டுகிறவர். ஒரு நாள் முட்டைக்கோஸ் கூடைகளுக்கு நடுவில் உள்ளங்கை அளவு குட்டியாக அவன் கிடந்தான். வளர வளர, வாலைத் தூக்கிக்கொண்டு கொழுந்து மலையைப் பார்வையிட வரும் தோட்டத்துத் துரை மாதிரியே சுவர் மேல் நடக்க ஆரம்பித்தான். அதனால் அந்தப் பெயர். மகன் லிங்கேஸ்வரன் கோலாலம்பூருக்கு வேலைக்குப் போய்விட்டான். வீட்டுக்காரர் விடியுமுன்னே லோரி எடுத்துவிடுவார். காலையில் நான் ஃபாக்டரிக்குக் கிளம்புமுன், குசினியில் அடுப்புச் சூடு இருக்கிற இடமாகப் பார்த்துத் தரையில் தட்டோடு உட்கார்ந்தால், பக்கத்தில் வந்து உட்கார துரை ஒருவன்தான். நான் முதல் வாய் வைக்காமல் அவன் தன் தட்டைத் தொடமாட்டான். நான் தின்றால் போதும், வெறும் சோற்றுப் பருக்கையானாலும் தின்பான். நவமணி வீட்டில் அப்படியில்லை. அங்கே மீன் வாசனை அடித்தால்தான் சுவரிலிருந்து இறங்குவான். இது எனக்கு எவ்வளவு பெருமை என்று யாரிடமும் சொன்னதில்லை.

ஒரு நாள் லிங்கேஸ்வரன் போனில் கூப்பிட்டு, "ம்மா, இன்னமும் மீன் தலயும் சோறுமா போடுறீங்க? டிரை ஃபூட் வாங்கிப் போடுங்கலா" என்றான். ரிங்லெட் பக்கம் ஒரு கடையில் கேட்டேன். பெரிய டப்பாவிலிருந்து அள்ளி பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுத்தார்கள். சிவப்பு, பச்சை, மஞ்சள் என்று மீன் வடிவத்திலும் நட்சத்திர வடிவத்திலும் பார்க்கவே ஆசையாக இருந்தது. விலையும் சல்லிசு. துரை அதை மோந்து பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தான். நான் ரொட்டியைக் கடித்ததும் அவனும் கடித்தான்.

"ஐயோ பாவம், தங்கத்துக்குக் கலர் கலரா மிட்டாய் வாங்கிப் போட்டுருக்காங்களா?" என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து குரல் வந்தது. "பூனைக்கு என்னடா தெரியும் பச்சையும் செவப்பும்?"

அந்த வாரமே அவள் வீட்டுக்கு ஒரு தீனி மூட்டை வந்து இறங்கியது. நீலக் கண் பூனை படம் போட்டது. அதன் மீன் வாசனை என் படுக்கையறை வரை வந்தது. நான் சும்மா இருப்பேனா? ஒரு பிடி போட்டுக்கொண்டிருந்த இடத்தில் இரண்டு பிடி போட்டேன். அவள் பொரித்த மீனை உதிர்த்து மேலே தூவினாள். நான் நெத்திலிக் கருவாட்டை இறக்கினேன். துரை இரண்டு வீட்டிலும் கை கழுவாத குறையாகச் சாப்பிட்டான். மேனேஜர் மாதிரி இருந்தவன் டைரக்டர் மாதிரி ஆனான். நடக்கும்போது சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்தது.

பிறகு ஒரு சனிக்கிழமை அரை நாள் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தபோது, குசினிக்குப் பின்னால் கால்வாய் ஓரத்தில் துரை குந்தியிருந்தான். முக்கினான். எழுந்தான், நாலு எட்டு வைத்தான், மறுபடி குந்தினான். ஒன்றும் வரவில்லை. மலச்சிக்கலாக்கும் என்று நினைத்து, விளக்கெண்ணெயைச் சூடு காட்டி அவன் வயிற்றில் தடவப் போனேன். வயிறு கல்லாக இருந்தது. தொட்டதும் என் கையைக் கடித்துவிட்டான். அவன் கடிக்கிற பூனையே இல்லை. அதற்குப் பிறகு அவன் கத்திய கத்தல் பூனைக் கத்தல் மாதிரி இல்லை, பச்சைப்பிள்ளை அழுகிற மாதிரி இருந்தது.

 லோரி திரிங்காப் போயிருந்தது. நான் என்னை அறியாமலே சுவரைப் பார்த்துக் கத்தினேன். "டேய் துரை, லோரியும் இல்லையேடா! ஒன்ன யாருடா ஈப்போ டாக்டர்கிட்ட கொண்டு போவா?"

 "என்னாங்க, எந்திரிங்க, கார் சாவி எங்க?" என்ற நவமணியின் சத்தம் கேட்டது. அடுத்த நிமிஷம் ராஜு என் வாசலில் நின்றான். "குடுங்க அண்ணி." அவன் கையில் புதுத் துண்டு ஒன்று இருந்தது. பூவிழி கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் வைத்த துண்டு. துரையை அதில் சுற்றினோம். காருக்கு அந்தப் பக்கம் நவமணி நின்றாள், இந்தப் பக்கம் நான். அவள் ஏறினால் நான் ஏறமாட்டேன், நான் ஏறினால் அவள் ஏறமாட்டாள். ராஜு எங்கள் இரண்டு பேரையும் பார்த்தான், தலையில் அடித்துக்கொண்டு தனியாகவே போய்விட்டான்.

பொழுது சாயும் நேரத்தில் வந்தவன் வீட்டுக்குள் போகவில்லை. பின்பக்கச் சந்தில், எங்கள் இரண்டு குசினிக் கதவுக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டான்.

"பொழச்சிக்குவான். மூத்திரப் பாதையில பொடிக் கல்லு அடைச்சிருக்கு. டியூப் போட்டு அங்கயே வெச்சிருக்காங்க. இப்ப ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. இனிமே ஒரே தீனி, ஒரே தட்டு. அளவாப் போடணும், தண்ணி நெறையா குடிக்க வெக்கணும், மூத்திரம் போறானான்னு தெனமும் பாக்கணும். டாக்டர் தர்ற தீனி நமக்குக் கட்டாதுன்னு சொன்னேன். கடையிலயே இந்த வியாதிக்குன்னு போட்ட தீனி இருக்காம். நல்லதாப் பாத்து போட்டோ அனுப்பச் சொன்னாங்க டாக்டரம்மா, அவங்க சரின்னா வாங்கலாம். ரெண்டு வீட்டுல ரெண்டு தினுசு போட்டா மறுபடியும் அடைக்குமாம். மறுபடியும் அடைச்சா தாங்கமாட்டான்னு சொல்லிட்டாங்க." மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னான், "பூனைக்குச் சொந்தக்காரங்க யாருன்னு கேட்டாங்க. நான் யாரைலா சொல்றது?"



மறுநாள் ஞாயிறு. தோசையைத் தட்டில் போட்டுக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன். சுவரின் தலை வெறிச்சென்று இருந்தது. துரை கண் திறந்தானா, தண்ணீர் குடித்தானா என்று கேட்க மனம் அடித்துக்கொண்டது. டாக்டரின் நம்பர் அந்த வீட்டில்தான் இருந்தது. ராஜு கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டான். கேட்டால் நவமணியைத்தான் கேட்க வேண்டும். ஆனால் எதைச் சாக்கு வைத்துக் கேட்பது? அந்தப் பக்கமும் கரண்டி உரசுகிற சத்தம்கூட இல்லை. கல்யாணத்திலிருந்து நாங்கள் இரண்டு பேரும் பேசிக்கொள்வதில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன். காலையிலிருந்து ராத்திரி வரை பேசிக்கொண்டேதான் இருந்திருக்கிறோம். பேசாமல் இருப்பது என்றால் என்னவென்று அன்றைக்குத்தான் தெரிந்தது. எனக்குத் தாங்கவில்லை.

"டேய் துரை," என்றேன் வெறும் சுவரைப் பார்த்து. "எப்படிடா இருக்க? தண்ணி கிண்ணி குடிச்சியா?"



"பூன இல்லக்கா," என்றாள் நவமணி. "யார்கிட்ட பேசுறீங்க?"

பிட்ட தோசையைத் தட்டிலேயே போட்டேன். "ஒங்கிட்டதான்" என்றேன்.

"குடிச்சானாம்க்கா. இப்பதான் போன் வந்துச்சு. நான் எப்படி ஒங்கள்ட்ட சொல்றதுன்னு..." அவள் அழுதுவிட்டாள். நானும் அழுதேன், ஆனால் சத்தம் வராமல் பார்த்துக்கொண்டேன். "சரி சரி, மூக்கச் சிந்து" என்று மட்டும் சொன்னேன்.

அடுத்து எனக்கு லீவு கிடைத்த நாளில் இருவரும் பஸ் ஏறி தானா ராத்தா டவுனுக்குப் போனோம். பிராணிகளுக்கான கடையில் ஆள் உயரத்துக்குத் தீனி மூட்டைகள் அடுக்கியிருந்தன. எதைப் பார்த்தாலும் ஒரு பூனை சிரித்தது. நான் நேராகத் தங்க நிறப் பை ஒன்றைத் தூக்கினேன். இருப்பதிலேயே விலை கூடியது அதுதான். சாகக் கிடந்த பிள்ளைக்கு விலையா பார்ப்பார்கள்? கல்லாவின் மேல் அந்தக் கடைப் பூனை படுத்திருந்தது. நவமணி குனிந்து அதனிடம் சொன்னாள். "பாத்தியா கண்ணு, சிலருக்கு தங்கக் கலர்ல இருந்தாதான் அது சாப்பாடு."

எனக்குச் சுள்ளென்று ஏறியது. "சொல்லு கண்ணு, சிலருக்கு மீன் வாசன அடிச்சாதான் அது சாப்பாடு" என்று நானும் அதே பூனையிடம் சொன்னேன். கடையில் நின்ற மலாய்க்காரப் பெண் எங்களையும் பூனையையும் மாறி மாறிப் பார்த்தாள். எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. "நவமணி, இங்க என்னப் பாத்துச் சொல்லுடி" என்றேன்.

அவள் நிமிர்ந்தாள். பஸ்ஸில்கூட நேராகப் பார்த்துக்கொள்ளவில்லை; முகத்துக்கு முகம் பார்த்து எவ்வளவு காலம் ஆகிவிட்டது! கண்ணுக்குக் கீழே கருத்துப் போயிருந்தாள்.

"இல்லக்கா, இதுவும் நல்லதுதான். ஆனா எல்லா மாசமும் நம்மளால இத வாங்க முடியுமா? நீங்க வேலைய விட்ட பொறவும் முடியுமா? ஒரு மாசம் ராஜா மாதிரி போட்டுட்டு அடுத்த மாசம் கையைப் பெசஞ்சிக்கிட்டு மறுபடியும் கண்டதையும் போட்டா, அவனுக்குத்தானே அடைக்கும்? அவன் இருக்குற வரைக்கும் நம்மளால முடியறதா ஒன்னப் பாப்போம்க்கா."

தங்க நிறப் பையை இறக்கி வைத்தேன். மூக்குக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொரு பையாகப் புரட்டினோம். மலாய்க்காரப் பெண் பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். பையின் பின்பக்கம் முதலில் எழுதியிருப்பது கோழியா மீனா என்று பாருங்கள், சோளம் என்று தொடங்கினால் வைத்துவிடுங்கள். மூத்திரப் பைக்கு நல்லது என்று போட்டிருக்கிறதா பாருங்கள். கலர் எல்லாம் வாங்குகிற மனிதர் கண்ணுக்குத்தான், பூனைக்கு அதனால் ஒன்றுமில்லை. நவமணி என் பக்கம் திரும்பவே இல்லை. சிரிப்பை அடக்குவது தோளில் தெரிந்தது. கடைசியில் நடுத்தர விலையில் ஒரு பை தேறியது. மண்ணாங்கட்டி நிறத்தில் பொடிப் பொடியாக, பார்க்க ஒரு லட்சணமும் இல்லாத தீனி. போட்டோ எடுத்து அனுப்பினோம். இது போதும், இதையே போடுங்கள் என்று டாக்டரம்மா எழுதினார்.

பஸ்ஸுக்கு நிற்கும்போது தட்டு யார் வீட்டில் என்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. கேட்க என்ன இருக்கிறது? நான் காலையில் போனால் சாயங்காலம்தான் வருவேன். நவமணி இடுப்பு வலி வந்து வேலையை விட்டவள், நாள் முழுக்க வீட்டில் இருப்பவள். கொஞ்சம் கொஞ்சமாகப் போட, மூத்திரம் போகிறானா என்று பார்க்க அவளால்தான் முடியும். "தட்டு ஒன் வீட்டுலயே இருக்கட்டும்" என்று நானே சொன்னேன். சொல்லும்போது பெற்ற பிள்ளையைத் தத்துக் கொடுக்கிற மாதிரி இருந்தது. தீனிப் பையை அவள் மடியில் வைத்துவிட்டு, பஸ்ஸில் ஜன்னல் பக்கமாகவே பார்த்துக்கொண்டு வந்தேன்.

துரை வீட்டுக்கு வந்தான். பாதி ஆளாக இளைத்திருந்தான். ஊசி போட்ட காலில் மயிரைச் சிரைத்துவிட்டிருந்தார்கள். அவனுடைய பழைய தட்டைக் கழுவி அலமாரியில் கவிழ்த்து வைத்துவிட்டேன். காலையில் நான் சாப்பிட உட்கார்ந்ததும் சுவரிலிருந்து இறங்கி வந்தான். தட்டு இருந்த இடத்தில் உட்கார்ந்து என் வாயைப் பார்த்தான்.

"போடா. அங்க போ, சாமி. அங்கதான் ஒனக்குச் சாப்பாடு" என்றேன். முன்பு எத்தனை தடவை எகத்தாளமாகச் சொன்ன சொல். இப்போது கெஞ்சலாகத்தான் வந்தது. அவன் நகரவில்லை. அவனுக்குச் சாப்பாடு போடாமல் எனக்கு இறங்குமா? என் தட்டை மூடி வைத்துவிட்டுப் பட்டினியாகவே வேலைக்குப் போனேன்.

சாயங்காலம் சுவருக்கு மேலே நவமணியின் குரல் வந்தது. "தொடவே மாட்டேங்கிறான்க்கா. மோந்து பாக்குறான், சுவத்து மேல ஏறி ஒங்க பக்கமே பாத்துக்கிட்டு ஒக்காந்துக்குறான். டாக்டரம்மாகிட்ட கேட்டேன். பூன பட்டினி கெடந்தா ஈரல் கெட்டுரும், நாளைக்கும் தின்னலன்னா திரும்பக் கொண்டாந்துருங்கன்னு சொல்லிட்டாங்க."  நான் எழுந்து நின்று, கருவாட்டு டப்பாவைக் கையில் எடுத்தேன். ஒரே ஒரு துண்டு போட்டால் என்ன? பிறகு அவன் அந்தக் கால்வாய் ஓரத்தில் கத்தியது காதில் கேட்டது. டப்பாவைத் திரும்ப வைத்துவிட்டேன்.

மறுநாள் காலை, பனி இன்னும் வாசலில் நிற்கும்போதே யாரோ என் முன்கதவைத் தட்டினார்கள். முன்கதவைத் தட்டுகிற ஆள் யார் இந்த லயத்தில்? திறந்தேன். நவமணி நின்றாள். தலையை வாரி, நல்ல சேலை கட்டியிருந்தாள். கையில் தட்டு, தட்டில் வெற்றிலை பாக்கு, குங்குமச் சிமிழ். பக்கத்தில் ராஜு கைலியோடு, தூக்கம் கலையாத முகத்தோடு நின்றான்.

"காலங்காத்தால இழுத்துக்கிட்டு வந்துட்டா அண்ணி," என்றான். "அழைக்கிறதுன்னா ஜோடியாத்தான் வரணுமாம்."

நவமணி தட்டை நீட்டினாள். "அக்கா, எங்க வீட்டுக்குச் சாப்புட வாங்க. நீங்க வந்து கை நனைச்சாத்தான் அவன் வாய் வெப்பான்."

 சிமிழைத் திறந்து குங்குமத்தை எடுத்து நெற்றியில் வைத்துக்கொண்டேன். கொஞ்சம் மூக்கில் சிந்தியது. என் வாசல்படி இறங்கி அவள் வாசல்படி ஏறினேன். பத்து எட்டுகூட இருக்காது.

அவள் குசினியில் பாய் விரித்து ஒரு தட்டு வைத்திருந்தாள். இட்லி ஆவி பறந்தது. பக்கத்திலேயே, கை நீட்டினால் எட்டும் தூரத்தில், அந்த லட்சணமில்லாத தீனி சின்னத் தட்டில் இருந்தது. ஒரு கிண்ணத்தில் தண்ணீர். துரை சுவரின் தலையில் உட்கார்ந்து என் வீட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தான். என் குரல் அவன் முதுகுப் பக்கத்திலிருந்து வந்ததும் குழம்பிப்போய்த் திரும்பினான். அரிசி மூட்டை மேல் கால் வைத்து, காஸ் சிலிண்டர் மேல் கால் வைத்து, மெல்ல இறங்கி வந்து என் முழங்காலை ஒட்டி உட்கார்ந்தான். தட்டைப் பார்க்கவில்லை. என் வாயைப் பார்த்தான்.

நான் கை கழுவினேன். இட்லியைப் பிட்டேன். நவமணி வீட்டுச் சட்னியில் எப்போதும்போல உப்பு ஒரு கல் தூக்கல். விழுங்கினேன். அடுத்த வாய்க்குப் பிட்டேன். துரை குனிந்து மோந்து பார்த்தான், தலையைத் தூக்கினான், மறுபடி குனிந்தான்.

கடுக் என்று ஒரு சத்தம்.

நவமணி சாம்பார் கரண்டியைத் தூக்கிப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். கரண்டியிலிருந்து சாம்பார் அவள் நல்ல சேலையில் சொட்டியது.

"ஊத்துடி," என்றேன். "இட்லி ஆறுது."